அட்டாலியில் கிடந்த பிரசவ ஃபைல்: அக்காவுக்கு மாரடைப்பு வந்த பிறகு தெரிந்துகொண்டது

வாய்க்கால்மேடு (கோபி) | ஞாயிறு, காலை 6.50

எல்லோருக்கும் வணக்கமுங்க. இரண்டு மாதமாக மனசுக்குள்ளேயே வைத்திருந்ததை இன்றைக்கு எழுதிவிடுகிறேன். நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காவுக்கு 41 வயது. அவிநாசிப் பக்கம் கட்டிக்கொடுத்தது. பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறாள். சர்க்கரை கிடையாது, உடம்பும் பருமன் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டு வந்து உட்கார்ந்தவளுக்குத் தாடை இழுத்துப் பிடித்திருக்கிறது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் யாரோ முழங்கையை ஊன்றி அழுத்துவது போல வலி. வாந்தியும் எடுத்தாள். கூட இருந்தவர்கள் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். சாயங்காலம் கம்பெனி வண்டியிலேயே வீட்டுக்கு வந்து, இஞ்சி தட்டிப் போட்டுக் குடித்துப் படுத்துவிட்டாள். ராத்திரி வேர்த்து ஊற்றவும் மச்சான் பக்கத்து கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். கேஸ் என்று சொல்லி ஒரு ஊசி போட்டு அனுப்பினார்கள். இ.சி.ஜி. எடுக்கவில்லை.

விடிந்த பிறகுதான் கோவைக்குப் போனோம். மாரடைப்பு. ஒரு ரத்தக்குழாய் முழுக்க அடைத்திருந்தது, ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டாள், இப்போது நன்றாக இருக்கிறாள்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு நடந்தது. மூன்றாம் நாள் வார்டுக்கு வந்த இதய மருத்துவர், சின்ன வயதுப் பெண், கட்டிலில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டார்: "உங்களுக்குப் பிரசவத்தப்ப பிரஷர் இருந்துச்சுங்களா?" அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அம்மா முந்திக்கொண்டு, "இருந்துச்சுங்க, அது குழந்தை பொறந்ததும் சரியாப் போச்சுங்களே" என்றார். அந்த டாக்டர், "அந்த ஃபைல் இருந்தா எடுத்துட்டு வாங்க" என்றார்.

தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான். ஃபைல் அட்டாலியில், ஒரு மஞ்சப்பைக்குள், பழைய தேங்காய்நார் மூட்டைக்கு அடியில் கிடந்தது. 13 வருடம் யாரும் தொடவில்லை. 33-ஆவது வாரத்தில் பிரஷர் 170/110. யூரினில் உப்பு, அதாவது புரதம், மூன்று பிளஸ். அவசரமாக சிசேரியன். பாப்பா ஒரு கிலோ அறுநூறு. கடைசித் தாளில், "பிரஷர் மாத்திரை 2 வாரம், பிறகு வரவும்" என்று எழுதியிருந்தது.

அந்த "பிறகு" வரவே இல்லை. பாப்பா இன்குபேட்டரில் இருந்ததால் எங்கள் எல்லோருடைய உயிரும் அங்கேதான் இருந்தது. அன்றைக்கு விட்டதுதான், மாரடைப்பு வந்த நாள்வரை அக்காவின் கையில் யாரும் பிரஷர் பட்டை கட்டிப் பார்க்கவில்லை.

பிரசவத்தில் வந்த பிரஷருக்கும் இதயத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று இங்கே யாருக்காவது முன்பே தெரியுமா? உங்களிடம் யாராவது சொன்னார்களா?

பவானிக்கூடல் | ஞாயிறு, காலை 8.15

கண்ணு, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தியூர், அம்மாபேட்டைப் பக்கம் சைக்கிளிலும் அப்புறம் டி.வி.எஸ். வண்டியிலுமாக வீடு வீடாகப் போனவள்.

பிரசவத்துக்கு முன்னால் நாங்கள் விடவே மாட்டோம். 140/90 வந்தால் அட்டையில் சிவப்பு மையில் எழுதுவோம். கால் வீக்கம், தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, எல்லாம் கேட்போம். பிரஷர் ஏறிய பிள்ளையைக் கட்டுச்சோற்று விருந்துக்கு நடுவில் எழுப்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வீட்டாரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

ஆனால் எங்கள் பதிவேட்டில் தாயின் கணக்கு 42-ஆம் நாளோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் அந்த வீட்டுக்குப் போவது குழந்தையின் தடுப்பூசிக்கு. ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம், ஒன்பதாம் மாதம். அந்தத் தாய் குழந்தையை மடியில் பிடித்துக்கொண்டு என் முன்னாலேயே உட்கார்ந்திருப்பாள். பிரஷர் மிஷின் என் பைக்குள் இருக்கும். அதை எடுத்து அவள் கையில் கட்டிப் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை, மேலே இருந்தவர்களும் சொன்னதில்லை. இன்றைக்கு நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

மருதமலை அடிவாரம் (கோவை) | ஞாயிறு, காலை 10.30

வாய்க்கால்மேடு சகோதரிக்கு, அக்கா தேறி வந்தது பெரிய ஆறுதல். நான் பொது மருத்துவர். கர்ப்பத்தில் பிரஷர் வந்த பெண்களைப் பின்னாளில் பார்ப்பது என் வேலையில் பாதி. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

20 வாரத்துக்குப் பிறகு பிரஷர் 140/90-ஐத் தாண்டி, யூரினில் புரதம் போவதோ கல்லீரல், சிறுநீரகம், மூளை என்று வேறு உறுப்பு பாதிக்கப்படுவதோ சேர்ந்தால் அது ப்ரீஎக்லாம்ப்சியா. 160/110 என்றால் தீவிரம், அன்றைக்கே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். நஞ்சுக்கொடி வேர்பிடிக்கும்போது கருப்பையின் ரத்தக்குழாய்கள் நன்றாக அகல வேண்டும். அது சரியாக நடக்காவிட்டால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாது. அப்போது அது தாயின் ரத்தத்தில் சில பொருள்களைக் கலக்க விடுகிறது. அவை உடம்பு முழுவதும் ரத்தக்குழாய்களின் உள்பூச்சைக் கெடுக்கின்றன. அதனால்தான் ஒரே நேரத்தில் தலைவலி, வீக்கம், யூரினில் உப்பு எல்லாம் வருகிறது.

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் பிரஷர் இறங்கிவிடும். எல்லோரும் "சரியாப் போச்சு" என்று நினைப்பது இந்த இடத்தில்தான். கணக்கைச் சொல்கிறேன். ப்ரீஎக்லாம்ப்சியா வந்த பெண்ணுக்கு, வராத பெண்ணோடு ஒப்பிட்டால், பின்னாளில் நிரந்தர பிரஷர் வரும் வாய்ப்பு மூன்று நான்கு மடங்கு. மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதயம் பலவீனமாகி ரத்தத்தை இறைக்க முடியாமல் போவது நான்கு மடங்கு. 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆனவர்களுக்கும் ஆபத்து கூடுகிறது. குழந்தை மிகச் சீக்கிரம் பிறந்திருந்தால் இன்னும் கூடுகிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2011-லேயே கர்ப்பகால பிரஷரையும் சர்க்கரையையும் பெண்களின் இதய ஆபத்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. புதிய விஷயம் இல்லை, நம் வீடுகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

கர்ப்பம் ரத்தக்குழாயைக் கெடுக்கிறதா, ஏற்கெனவே இருந்த பலவீனத்தைக் காட்டிக்கொடுக்கிறதா என்று கேட்பார்கள். இரண்டும் உண்டு. சத்தியிலிருந்து ஆசனூர் போகிற வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் எந்த வண்டியும் ஓடும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போதுதான் எஞ்சின் சூடாவது தெரியும். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவே ஏறக்குறைய பாதி கூடுகிறது, இதயம் இறைக்கும் ரத்தமும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறுகிறது. மலை இறங்கியதும் சூடு தணியும். அதற்காக அந்த வண்டியை அப்புறம் மெக்கானிக்கிடம் காட்டாமல் விடுவோமா?

அக்காவுக்கு வந்த தாடை வலி, முதுகு வலி, வாந்தி பற்றியும் ஒரு வார்த்தை. பெண்களின் மாரடைப்பில் இவை அடிக்கடி வருவதுதான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தால்தான் மாரடைப்பு என்று காத்திருக்கக் கூடாது. இ.சி.ஜி. எடுக்காமல் கேஸ் என்று யார் சொன்னாலும், "ஒரு இ.சி.ஜி. எடுத்துடுங்க" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

கம்பங்காடு (காங்கேயம்) | ஞாயிறு, மதியம் 12.05

டாக்டரம்மா சொல்வதை மறுக்கவில்லைங்க. மனசில் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் அமுச்சி ஏழு பெற்றார். வலி எடுக்கும்வரை காட்டில் களை வெட்டினார். பிரஷர் மிஷினைப் பார்த்ததே இல்லை. 86 வயதுவரை நடந்தார். இப்போது கர்ப்பம் என்று தெரிந்த நாள் முதல் ஸ்கேன், மாத்திரை, பயம். என் மனைவிக்கு ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தாலே பிரஷர் ஏறியது. பெண்களை இன்னும் பயமுறுத்த வேண்டுமா? களியும் கம்பங்கூழும் நடையும் போதாதா?

பவானிக்கூடல் | ஞாயிறு, மதியம் 1.40

சாமி, உங்கள் அமுச்சி திடமாக இருந்தது உண்மை. அவரை நான் மறுக்க மாட்டேன்.

எங்கள் அப்பத்தாவுக்கு ஒரு தங்கச்சி இருந்தார். அவரைப் பற்றி எங்கள் குடும்பத்தில் இருப்பது ஒரே வரி: "ஏழாம் மாசத்துல மூஞ்சி வீங்கி, ஜன்னி வந்து போயிட்டா." அவ்வளவுதான். ஒரு போட்டோ கிடையாது, பேர் சொல்லிக் கும்பிட ஆள் கிடையாது. திடமாக இருந்த அமுச்சிகள் நம்மிடம் கதை சொல்ல இருந்தார்கள். ஜன்னியில் போனவர்கள் யாரிடம் சொல்வார்கள்? அந்த ஜன்னிதான் இப்போது எக்லாம்ப்சியா, கர்ப்பத்தில் பிரஷர் ஏறி வரும் வலிப்பு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மெக்னீசியம் சல்பேட் ஊசியை இரண்டு பக்கமும் போட்டு, 108-இல் ஏற்றி, கூடவே போன ராத்திரிகள் எனக்கு உண்டு. முன்கூட்டியே போட்டால் அந்த ஊசி வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும்.

உங்கள் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஏறுகிறது என்றால் வீட்டில் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் பார்க்க வேண்டும்.

தறிச்சத்தம் (பல்லடம்) | ஞாயிறு, மாலை 5.20

இந்த இழையை என் மனைவிதான் காட்டினாள், எழுதச் சொன்னதும் அவள்தான்.

எங்களுக்குப் பையன் பிறந்து மூன்றாவது வாரம். மாமியார் வீட்டில் இருந்தாள். ராத்திரி படுத்தால் இருமல். எழுந்து உட்கார்ந்தால் நிற்கும். நான்கு படி ஏறினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். "பச்சை உடம்புக்காரி, சளி பிடிச்சிருக்கு" என்று கஷாயம் கொடுத்தார்கள். கால் இரண்டும் வீங்கியது. "பிரசவ நீர், வடிஞ்சுரும்" என்றார்கள். இதை யாரையும் குற்றம் சொல்ல எழுதவில்லை, நானும் அப்படித்தான் நினைத்தேன். தறி நான்கு ஓடுகிறது, வாரம் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

ஒரு ராத்திரி போன் பண்ணினாள். பேச முடியவில்லை, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் மூன்று நாளாகத் தூங்கியிருக்கிறாள். அன்றைக்கு எக்கோ (இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன்) எடுத்தபோது இதயத்தின் பம்பிங் 28 சதவீதம். 55-க்கு மேல் இருக்க வேண்டுமாம். பெரிபார்ட்டம் கார்டியோமயோபதி என்று எழுதிக்கொடுத்தார்கள். பிரசவத்துக்கு முந்தைய மாதத்திலிருந்து பிறகு ஐந்து மாதத்துக்குள் வருமாம். நல்ல இதயம், பிரசவத்தை ஒட்டி, திடீரென்று துவண்டு போகிறது.

நீர் பிரிய மாத்திரை, இதயத்துக்கு மாத்திரை, கூடவே பால் சுரப்பை நிறுத்துகிற ஒரு மாத்திரையும் கொடுத்தார்கள். பால் சுரக்க வைக்கும் ஹார்மோனே உடைந்து இதயத் தசையைத் தாக்குகிறது என்பதால் அது உதவும் என்றார்கள். அன்றைக்குத்தான் அவள் அழுதாள். மூச்சு வாங்கியபோதெல்லாம் அழாதவள், பால் நிறுத்த வேண்டும் என்றதும் அழுதாள்.

எட்டாவது மாதம் பம்பிங் 52-க்கு வந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னொரு குழந்தை வேண்டாம். முழுக்கத் தேறினவங்களுக்குக்கூட அடுத்த கர்ப்பத்துல திரும்ப வரலாம்." ஆறு மாதம் கழித்து எங்கள் வீட்டில் பெண் குழந்தை ஒன்று வேண்டும் என்று ஆரம்பித்தார்கள். கோவில், நோன்பு, எங்கே போனாலும் அதே பேச்சு. அவள் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிச் சோர்ந்து போனாள். நான் ஒரு திங்கள்கிழமை அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஆண்களுக்கான கருத்தடை செய்துகொண்டு வந்தேன். வந்து அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நாள் பேசவில்லை. இப்போது பேசுகிறார்.

இதை எழுதுவதற்குக் காரணம், படுத்தால் மூச்சு வாங்குகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது என்று ஒரு பிள்ளைத்தாய்ச்சியோ பிள்ளை பெற்றவளோ சொன்னால், தயவுசெய்து காலைவரை காத்திருக்காதீர்கள்.

மருதமலை அடிவாரம் (கோவை) | ஞாயிறு, மாலை 6.10

தறிச்சத்தம் அண்ணா, கடைசி வரியை நான் அப்படியே அச்சடித்து என் அறையில் ஒட்டப் போகிறேன். படுத்தால் மூச்சுத் திணறல் என்பது பிரசவ அசதி அல்ல. நிறைமாதத்தில் எல்லோருக்கும் கொஞ்சம் மூச்சு வாங்கும்தான். ஆனால் தட்டையாகப் படுக்க முடியாமல் போவது, ராத்திரி மூச்சு முட்டி விழிப்பது, நடக்கும்போது நெஞ்சு படபடத்துக் கண் இருட்டுவது, இவற்றுக்கு எக்கோ பார்க்க வேண்டும்.

பிரசவம் முடிந்த மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் தாயின் பிரஷர் மறுபடி மேலே போகும். பெரும்பாலோர் டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகிற நேரமும் அதுதான். கர்ப்பத்தில் பிரஷரே இல்லாதவர்களுக்குக்கூட பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரத்துக்குள் ப்ரீஎக்லாம்ப்சியா வரலாம். விண்விண்ணென்று தலைவலி, கண்ணில் மின்னல் என்றால், "தூக்கம் பத்தல" என்று விட வேண்டாம்.

அமராவதிக்கரை (கரூர்) | ஞாயிறு, இரவு 9.00

எனக்குப் பிரஷர் இல்லை, சர்க்கரை. நான்காம் மாதமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் 75 கிராம் குளுக்கோஸ் கலந்து குடிக்கச் சொன்னார்கள். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்ததில் 168. 140 தாண்டினாலே கர்ப்பகாலச் சர்க்கரை. சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுக்கிற மாதிரி இந்த முறையை நம் நாட்டுக்கு ஏற்றபடி பரப்பியவர் சென்னையின் டாக்டர் வி. சேஷய்யா என்று பிறகு படித்தேன். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை என்று தமிழ்நாட்டில் அரசாணை வந்தது 2007-இல். அவர் பிறந்த மார்ச் 10-ஐக் கர்ப்பகாலச் சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டைக் குறைத்து, நடந்து, கடைசி இரண்டு மாதம் இன்சுலின் போட்டுப் பெற்றேன். பிறந்த மறுநாளே சர்க்கரை இறங்கியது. ஆறு வாரத்தில் மறுபடி குளுக்கோஸ் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று சொன்னது காதில் விழுந்தது, மனசில் நிற்கவில்லை. ஐந்து வருடம் கழித்துக் காலில் ஒரு புண் ஆறாமல் போய்ப் பார்த்தால் சர்க்கரை 310. டாக்டரம்மா, இதற்கும் இதயத்துக்கும் கணக்கு உண்டா?

மருதமலை அடிவாரம் (கோவை) | ஞாயிறு, இரவு 9.35

உண்டுங்க. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரச் சர்க்கரை வரும் வாய்ப்பு ஏழிலிருந்து பத்து மடங்கு. இதய நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பின்னாளில் சர்க்கரையே வராதவர்களுக்கும் இதய ஆபத்து கூடுதலாகத்தான் இருக்கிறது. அதனால் ஆறு வாரத்தில் ஒருமுறை, அப்புறம் வருடாவருடம் சர்க்கரையோடு பிரஷரும் கொழுப்பும் பார்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுப்பது குழந்தைக்கு மட்டும் என்று நினைக்கிறோம். அதிக மாதம் கொடுத்த தாய்மாருக்குச் சர்க்கரையும் பிரஷரும் குறைவாக வருகிறது என்பதும் தெரிந்த விஷயம். கொடுக்க முடியாதவர்கள் இதற்காக வருந்த வேண்டாம், தறிச்சத்தம் அண்ணா வீட்டில் போல.

பர்கூர்மலை | திங்கள், காலை 7.10

எனக்கு இதய வால்வில் கோளாறு. சின்ன வயதில் தொண்டை வலி வந்து, முட்டி முட்டியாக வீங்கி, ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்புறம் மறந்துவிட்டோம். ஏழாம் மாதத்தில் ரத்தமாக இருமினேன். மைட்ரல் வால்வு சுருங்கியிருக்கிறது, அந்தத் தொண்டைக் காய்ச்சலில் வந்த வினை என்றார்கள். தொடை வழியாக பலூன் விட்டு வால்வை விரித்தார்கள், வயிற்றில் பாப்பாவோடு. இருவரும் நலம். 21 நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி இன்றும் போடுகிறேன். ஊசி வலிக்கும், ஆனாலும் ஒரு தடவை விட்டதில்லை. மலையில் தொண்டை வலி வரும் பிள்ளைகளை மருத்துவரிடம் காட்டச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஒரு கர்ப்பிணி (தாராபுரம்) | திங்கள், காலை 11.25

அக்கா எல்லோரும் பயப்படாதே என்று சொல்லுங்கள் முதலில். எனக்கு இப்போது 14 வாரம், இரண்டாவது. முதல் குழந்தைக்கு ப்ரீஎக்லாம்ப்சியா வந்து 35 வாரத்தில் எடுத்தார்கள். இந்த முறை டாக்டர் எக்கோஸ்பிரின் 150 (ஆஸ்பிரின் மாத்திரைதான்) ராத்திரி போடச் சொல்லியிருக்கிறார். அத்தை, "அது ஹார்ட்காரங்க போடுற மாத்திரை, ரத்தம் தண்ணியாயிரும், கரு கலைஞ்சுரும்" என்கிறார். ஒரு வாரமாக மாத்திரை அட்டை அப்படியே இருக்கிறது.

மருதமலை அடிவாரம் (கோவை) | திங்கள், மதியம் 2.15

தங்கச்சி, பயப்படாதே. அத்தையின் பயமும் புரிகிறது. அவரிடம் மரியாதையாக இதைச் சொல். முன்பு ப்ரீஎக்லாம்ப்சியா வந்தவர்களுக்கு, 12 வாரத்திலிருந்து, முடிந்தவரை 16 வாரத்துக்குள், சின்ன அளவு ஆஸ்பிரின் ஆரம்பித்தால் அது மறுபடி வருவது குறைகிறது. 2017-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஆபத்து அதிகமிருந்த பெண்கள் ராத்திரி 150 மில்லிகிராம் போட்டதில், 37 வாரத்துக்கு முன்பே வரும் ப்ரீஎக்லாம்ப்சியா 62 சதவீதம் குறைந்தது. இந்தச் சின்ன அளவில் கரு கலையாது. உனக்கு ஆஸ்பிரின் ஒவ்வாமையோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் மட்டும் உன் டாக்டரிடம் சொல். இல்லையென்றால் இன்றைக்கு ராத்திரியே ஆரம்பி, உனக்கு நாள் குறைவாக இருக்கிறது. எப்போது நிறுத்துவது என்று அவரே சொல்வார், பெரும்பாலும் 36 வாரத்தில். சுண்ணாம்புச் சத்து மாத்திரையையும் விடாதே, அதற்கும் இதில் பங்கு உண்டு.

இன்னொன்றை எல்லோருக்கும் சொல்கிறேன். பிரசவத்துக்குப் பிறகும் பிரஷர் இறங்காமல் நிலைத்துவிட்டு, டெல்மிசார்ட்டன், எனலாப்ரில் போன்ற மாத்திரையில் இருப்பவர்கள் அடுத்த குழந்தைக்கு யோசிக்கும்போதே மருத்துவரிடம் போய் மாற்றிக்கொள்ள வேண்டும். அவை வயிற்றுக் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். லெபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா கர்ப்பத்தில் கொடுக்கக்கூடியவை. தானாக நிறுத்திவிட்டு உட்காராதீர்கள், அது அதைவிட ஆபத்து.

ஒரு கர்ப்பிணி (தாராபுரம்) | திங்கள், மதியம் 3.00

அத்தையிடமே போனைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். "ராத்திரி நானே எடுத்துத் தர்றேன்" என்றார்.

நொய்யல் ஓரம் (திருப்பூர்) | திங்கள், மாலை 6.45

எனக்கு 9 வருடம் முன்னால் பிரஷர் வந்தது. இரண்டு வீடு மாறியதில் ஃபைல் போய்விட்டது. இனி என்ன செய்வது? சாப்பாட்டில் என்ன பார்க்க வேண்டும்? என் அம்மா பிரசவத்தின்போது செலவு ரசமும் நல்லெண்ணெயும் கொடுத்ததைத்தான் தப்பு என்று இப்போது சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள்.

பவானிக்கூடல் | திங்கள், இரவு 7.30

செலவு ரசத்தால் ஒன்றும் ஆகாது கண்ணு. மிளகும் சீரகமும் பூண்டும் கொத்தமல்லியும்தானே. உன் அம்மா அன்பாகச் செய்ததை யாரும் குறை சொல்ல விடாதே. நான் வீடுகளில் சண்டை போட்டது வேறு இரண்டு விஷயத்துக்கு. ஒன்று, பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைப்பது. படுக்கையிலேயே கிடந்து தண்ணீரும் குடிக்காவிட்டால் காலில் ரத்தம் கட்டும். இரண்டாவது உப்பு. நாளைக்கு ஐந்து கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் வைத்துத்தான் சோறு இறங்கும் என்றால் அந்த அளவு அங்கேயே முடிந்துவிடும். கொள்ளும் பச்சைப்பயறும் கீரையும் நம் வீட்டில் எப்போதும் இருப்பவை, அதுவே போதும்.

மருதமலை அடிவாரம் (கோவை) | திங்கள், இரவு 8.20

நொய்யல் ஓரம், ஃபைல் இல்லாவிட்டால் நினைவு போதும். எத்தனையாவது மாதம் பிரஷர் வந்தது, குழந்தை எந்த வாரம் பிறந்தது, எடை என்ன, வலிப்பு வந்ததா, எத்தனை நாள் மாத்திரை போட்டீர்கள், இவ்வளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். இனி எந்த மருத்துவரிடம் எதற்காகப் போனாலும், முழங்கால் வலிக்குப் போனாலும்கூட, "எனக்குப் பிரசவத்தில் பிரஷர் இருந்தது" என்பதை முதல் வரியாகச் சொல்லுங்கள். நாங்கள் கேட்க வேண்டியதுதான். கேட்காமல் விடுகிறோம், அது எங்கள் பக்கத்துக் குறை.

இந்த வாரம் பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு, யூரினில் புரதம் பார்த்துவிடுங்கள். கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. இருந்தால் டிஸ்பென்சரியிலேயே ஆகும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் பிரஷர் பார்த்துக்கொள்ளலாம். எல்லாம் நன்றாக இருந்தாலும் வருடம் ஒருமுறை. இரண்டு மடங்கு என்பதைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட வேண்டாம். இளம் வயதில் அடிப்படை ஆபத்து குறைவு, அதில் இரண்டு மடங்கு. பிரஷரைச் சீக்கிரம் பிடித்துவிட்டால் அந்த ஆபத்தில் பெரும்பகுதியை இறக்க முடியும்.

கம்பங்காடு (காங்கேயம்) | திங்கள், இரவு 10.05

நேற்று எழுதியதற்குப் பிறகு பெரியம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அமுச்சி பெற்றது ஏழு இல்லையாம், ஒன்பதாம். இரண்டு இறந்தே பிறந்தது. இரண்டாவது தடவை அமுச்சிக்கே நான்கு நாள் நினைவில்லையாம். எனக்கு இது தெரியாதுங்க. பயமுறுத்துவது வேறு, சொல்லிவைப்பது வேறு என்று படுகிறது. மனைவிக்கு நாளை வீட்டிலேயே பார்க்க ஒரு பிரஷர் மிஷின் வாங்குகிறேன். கையில் கட்டுவதா, மணிக்கட்டில் கட்டுவதா?

மருதமலை அடிவாரம் (கோவை) | திங்கள், இரவு 10.20

மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள்.

வாய்க்கால்மேடு (கோபி) | செவ்வாய், இரவு 8.40

ஒவ்வொரு பதிவையும் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். தறிச்சத்தம் அண்ணா எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். ஃபைலில் இருந்த தாள்களை மச்சான் லேமினேட் செய்து வைத்திருக்கிறார். ஒன்றரை மாதமாகக் காலையும் இரவும் பிரஷர் எழுதுகிறோம், நேற்று 124/78. பாப்பாவுக்கு இப்போது 13 வயது. அம்மாவுக்குக் கட்டி, பட்டனை அழுத்தி, நோட்டில் எழுதுவது அவள்தான்.

இன்றைக்கு அம்மாவிடம் ஒன்று கேட்டேன். தாய்க்கு ப்ரீஎக்லாம்ப்சியா இருந்தால் மகளுக்கும் வரும் வாய்ப்பு கூடும் என்று எங்கோ படித்தது நினைவில் இருந்தது. "நாங்க பொறக்கறப்ப உனக்கு எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன். வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்: "உங்கக்கா பொறக்கறப்ப காலு ரெண்டும் யானைக்கால் மாதிரி. கண்ணு தெரியாம ரெண்டு நாள் கெடந்தேன். குலதெய்வத்துக்கு வேண்டிக்கிட்டு வந்து சரியாச்சு." இத்தனை வருடத்தில் இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அம்மாவுக்கு வயது 63. நினைவு தெரிந்து பிரஷர் பார்த்ததில்லை. நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகிறேன்.

பவானிக்கூடல் | செவ்வாய், இரவு 9.05

காபி குடிக்காமல் கூட்டிப்போ கண்ணு. பஸ்ஸை விட்டு இறங்கி நடந்த கையோடு பார்க்க விடாதே. ஐந்து நிமிஷம் சாய்ந்து உட்காரச் சொல், காலைத் தொங்கவிடாமல் தரையில் ஊன்றச் சொல். இரண்டு தடவை பார்க்கச் சொல்லி, இரண்டையும் எழுதி வாங்கிக்கொள். மத்தியானம் இங்கே வந்து என்ன வந்தது என்று போடு, நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.